வரைபடம் அசைய வேண்டும்: மலையகத்து மாதிரி செய்பவர்களுக்கு மென்பொருள் வழிகாட்டி

தேயிலை உருட்டும் இயந்திரத்தின் சிறு மாதிரி, தெமோதரை வளைவை மேசைக்குக் கொண்டுவரும் ரயில் பாதை, ஓடைத் தண்ணீரில் ஓடி மின்குமிழ் எரிய வைக்கும் நீர்ச்சக்கரம். மலையகத்தில் இப்படி எதையாவது செய்து பார்க்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரமோ தகடோ வெட்டுவதற்கு முன் ஒரு வரைபடம் வேண்டும். அந்த வரைபடம் அசைந்தும் காட்டினால், எங்கே இடிக்கும், எங்கே சிக்கும் என்பது பொருளை வீணாக்காமலே தெரிந்துவிடும்.

எந்த மென்பொருளை இறக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றையும் செய்யும் ஒரே மென்பொருளைத் தேடி, கனமான ஒன்றை இறக்கி, அது பழைய மடிக்கணினியில் திணறுவதைப் பார்த்துவிட்டு ஆசையையே விட்டுவிடுகிறார்கள். வரைவது ஒரு வேலை. வரைந்தது ஓடுமா என்று சோதிப்பது இன்னொரு வேலை. ஓடுவதைப் பிறருக்கு அசைத்துக் காட்டுவது மூன்றாவது வேலை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு மென்பொருள் இருக்கிறது. கீழே நான் பரிந்துரைப்பவற்றில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் இலவசம். கடையில் யாரோ போட்டுக் கொடுக்கும் திருட்டுப் பிரதி ஆட்டோகேட் உங்களுக்குத் தேவையே இல்லை. அதோடு சேர்ந்து வரும் வைரஸும் தேவையில்லை.

முதலில்: அசைவது எது?

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "என் வரைபடத்தில் அசைய வேண்டியது இது." தண்டும் சக்கரமும் அசைய வேண்டுமானால் அது பொறிமுறை. மின்னோட்டம் ஓட வேண்டுமானால் அது மின்சுற்று. ரயில் ஓட வேண்டுமானால் அது பாதைத் திட்டம். கொழுந்து வாட்டும் தட்டிலிருந்து உருட்டலுக்கும், அங்கிருந்து நொதித்தலுக்கும், உலர்த்தும் இயந்திரத்துக்கும், சலிப்புக்கும் போவதைக் காட்ட வேண்டுமானால் அது விளக்கப்படம். இந்த நான்குக்கும் வழி வேறு.

விளக்கப்படம் மட்டும்தான் தேவை என்றால் மேற்கொண்டு அலையவேண்டாம். லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் என்ற காட்சிப்பட மென்பொருள் போதும். ஒரு படத்தை வரைந்த பாதை வழியே நகர்த்தும் வசதி அதிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்தும் ஒழுங்காக வரும். பாடசாலைக் கண்காட்சியில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கட்டமாக நிறுத்தி விளக்கலாம். வீடியோவாக வேண்டுமானால் ஓபிஎஸ் ஸ்டூடியோவால் திரையைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணினி எதைத் தாங்கும்?

ராம் 4 ஜிபி உள்ள கணினியா, 8 ஜிபி உள்ளதா என்று முதலில் பாருங்கள். முப்பரிமாணத்தில் அசைத்துக் காட்டும் பிளெண்டரின் இப்போதைய பதிப்புகள் குறைந்தது 8 ஜிபி கேட்கின்றன, ஓப்பன்ஜிஎல் 4.3ஐ ஆதரிக்கும் வரைகலை வசதியும் வேண்டும். பழைய மடிக்கணினி பலவற்றில் இரண்டாவது நிபந்தனைதான் இடறும். வரைவதற்கான இன்க்ஸ்கேப், சோதிப்பதற்கான சால்வ்ஸ்பேஸ், அசைத்துக் காட்டுவதற்கான சின்ஃபிக் மூன்றும் 4 ஜிபியில் ஓடும்.

அடுத்தது இணைப்பு. மழையும் பனியும் மூடும் நாட்களில் தோட்டங்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முப்பரிமாண மாதிரி வரையும் டிங்கர்கேட், ஸ்கெச்அப்பின் இலவசப் பதிப்பு ஆகியவை உலாவியில்தான் ஓடும். இணைப்பு அறுந்தால் வேலையும் நின்றுவிடும். அதே வகையைச் சேர்ந்த ஃபியூஷனின் தனிநபர் உரிமம் இலவசம்தான். ஆனால் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்துக்கு மேல் போகாது, கோப்புகள் அவர்களுடைய சேவையகத்தில்தான் இருக்கும். இணைப்பு உறுதியாக இல்லாத இடத்தில் இருப்பவர், ஒருமுறை இறக்கினால் பிறகு வலையே இல்லாமல் ஓடும் மென்பொருளைத்தான் எடுக்க வேண்டும். சுற்றுப் பலகை வரையும் கிகேட் போன்ற பெரியவற்றை நகருக்குப் போகும்போது நல்ல வைஃபை உள்ள இடத்தில் பென்டிரைவில் இறக்கி வாருங்கள்; நூலகங்களோடு சேர்த்து அது ஒரு ஜிபியைத் தாண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினியை ஒதுக்கவேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், இங்கே சொல்லும் மென்பொருள்கள் அநேகமாக எல்லாமே அதில் ஓடும்.

பழைய பயிற்சிப் பாடங்களில் ஃபிளாஷ் என்று கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 முடிவோடு ஆதரவு நின்றுவிட்டது.

பொறிமுறை: உருட்டும் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்போம்

சால்வ்ஸ்பேஸ் என்ற மென்பொருளை நான் எல்லாருக்கும் முதலில் சொல்வேன். மிகச் சிறியது, விண்டோஸில் நிறுவாமலே திறக்கலாம். கோடு வரைந்து, "இதன் நீளம் இவ்வளவு", "இந்தப் புள்ளி அசையாது", "இந்த இரண்டும் இணை" என்று நிபந்தனை விதித்தால் போதும். பிறகு ஒரு முனையை மவுசால் பிடித்து இழுத்தால், நிபந்தனைகளை மீறாமல் மற்றெல்லாம் கூடவே அசையும். பொறிமுறை சரியா என்று பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

உருட்டும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட தொடக்க காலத்தில், கொழுந்தைப் பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். உள்ளங்கை வட்டமாகச் சுற்றும். ஆனால் விரல்கள் எப்போதும் முன்னோக்கியே இருக்கும். இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. கொழுந்து நிறைந்த உருளைப் பெட்டி மேசைக்கு மேல் வட்டமாக நகர்கிறது, தன்னைத்தானே சுற்றிக்கொள்வதில்லை. மூன்று மூலைகளிலும் ஒரே நீளமுள்ள மூன்று கிராங்குகள், அதாவது ஒரு முனை அச்சில் சுழலும் சிறு தண்டுகள், அதைத் தாங்கி ஓட்டுகின்றன.

ஏன் மூன்று? சால்வ்ஸ்பேஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

பக்கம் 150 மி.மீ. உள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்து அதன் மூன்று மூலைகளையும் அசையாப் புள்ளிகளாக்குங்கள். இவை மேசையில் உள்ள அச்சுகள். அதே அளவில் இன்னொரு முக்கோணம் வரையுங்கள்; அது பெட்டி. முதலில் இரண்டு மூலைகளை மட்டும் 20 மி.மீ. நீளக் கோடுகளால் இணைத்து, பெட்டியை மெதுவாக இழுத்துச் சுற்றுங்கள். அழகாகச் சுற்றும். இரண்டு கிராங்குகளும் அவற்றின் அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தை நெருங்கும்போது கவனியுங்கள். அந்த இடத்தைத் தாண்டியதும் ஒரு கிராங்க் முன்னே போக, மற்றது பின்னே திரும்பிவிடலாம். பெட்டி கோணிக்கொண்டு சாயும். இரண்டு கிராங்கில் செய்த மர மாதிரியிலும் இதுதான் நடக்கும்.

இப்போது மூன்றாவது கிராங்கைச் சேருங்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வழியே இல்லாததால் அந்தத் திரும்பல் அடைபட்டுப்போகும். ஆனால் மென்பொருள் சிவப்பில் ஒரு எச்சரிக்கை காட்டும்: நிபந்தனை ஒன்று மிகையாக இருக்கிறது என்று. பலர் இந்த இடத்தில் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழிக்கவேண்டாம். அந்த எச்சரிக்கை இயந்திரத்தைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்கிறது. மூன்று கிராங்குகளும் மி.மீ. பிசகாமல் ஒரே நீளமாகவும், துளைகள் சரியான இடத்திலும் இருந்தால் மட்டுமே இது ஓடும். ஒன்று சற்றே நீண்டாலும் இறுகி நின்றுவிடும். ஆகவே மூன்று கிராங்குகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி ஒரே துளையாகப் போடுங்கள். சால்வ்ஸ்பேஸ் உங்கள் வரைபடத்தை ஒரு குழுவாக (group) வைத்திருக்கும்; அந்தக் குழுவின் அமைப்பில் மிகையான நிபந்தனையை அனுமதிக்கும் பெட்டியில் அடையாளம் இட்டால் வேலை தொடரும்.

பெட்டியின் நடுப்புள்ளியைத் தேர்ந்து, புள்ளியின் தடத்தை வரையும் கட்டளையைக் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். 20 மி.மீ. ஆரமுள்ள வட்டம் விழும். மூலையைத் தேர்ந்தாலும் அதே அளவு வட்டம்தான் விழும். பெட்டியின் எல்லா இடத்திலும் கொழுந்து ஒரே அளவு தேய்க்கப்படுவதன் காரணம் திரையில் தெரிகிறது. சரியான பின் வரைபடத்தை, கோடுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பாக வெளியேற்றி வையுங்கள். பாகங்களை முப்பரிமாணத்தில் அச்சிட எண்ணுபவர்கள் மட்டும் அடுத்த படியாக ஃப்ரீகேடுக்குப் போகலாம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பாகங்களைப் பூட்டும் வசதி உள்ளேயே சேர்ந்துவிட்டது.

நிஜ இயந்திரத்தைக் கிட்ட நின்று பார்க்க வழியில்லாதவர்கள் கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்குப் போய் வாருங்கள். 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே பழைய இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

துப்புரவான வரைபடம்: இன்க்ஸ்கேப், அதோடு தமிழ் எழுத்து

ஓடுவது உறுதியான பின்தான் அழகாக வரைய வேண்டும். அதற்கு இன்க்ஸ்கேப். எஸ்விஜி கோப்பை அங்கே திறந்து, கோட்டுத் தடிப்பு, நிறம், அம்புக்குறி, பெயர்கள் எல்லாவற்றையும் சேருங்கள். அசையும் ஒவ்வொரு பாகத்தையும் தனி லேயரில் வையுங்கள். பின்னால் அசைவூட்டும்போது இதன் பலன் தெரியும். அளவுக் குறிகள் நிறைந்த, வெட்டுவதற்கான வரைபடம் மட்டும் வேண்டுமானால் லிப்ரேகேட் நல்லது. அது இருபரிமாணத்துக்கு மட்டுமே. வெட்டும் இயந்திரங்களுக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பை நேராகக் கையாளும். ஆனால் அதற்கென்றே ஆன கோட்டு எழுத்துருக்களைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே தமிழில் எழுத முயலவேண்டாம்.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இலங்கையில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் அதிகம். பாமினியில் நீங்கள் "கிராங்க்" என்று எழுதினாலும் கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பெயர்களெல்லாம் பொருளற்ற ஆங்கிலக் கோர்வைகளாக நிற்கும். வரைபடத்தில் யூனிகோட் மட்டும் பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது, சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளெண்டரின் எழுத்துக் கருவி தமிழின் கொம்பையும் காலையும் இடம் மாற்றி அடுக்கத் தெரியாதது. "கொழுந்து" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு வழி: பெயர்களை இன்க்ஸ்கேப்பிலேயே எழுதி, அங்கேயே எழுத்தைப் பாதையாக மாற்றி, பிறகு எஸ்விஜியாகக் கொண்டுபோங்கள். பாதையான பின் எழுத்தைத் திருத்த முடியாது; ஆகவே திருத்தக்கூடிய மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: 2017இல் வந்த 0.92 பதிப்புக்கு முந்திய இன்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 90 புள்ளிகள் என்று கணக்கிட்டது, இப்போது 96. வலையில் கிடைக்கும் பழைய கோப்புகளை எடுத்தால் ஒரு பாகத்தின் நீளத்தை அளந்து பார்த்த பிறகே நம்புங்கள்.

மின்சுற்று

நீர்ச்சக்கரம் செய்பவர்கள் இங்கே வர வேண்டும். சிறு மோட்டார் ஒன்றை மின்பிறப்பாக்கியாக வைத்து எல்இடி எரிய வைக்கிறீர்கள் என்றால், முதலில் மின்சுற்றைத் திரையில் ஓட்டிக் காட்டும் ஃபால்ஸ்டாட் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். உலாவியில் ஓடுவது; வலையில்லாமல் ஓடும் பதிப்பையும் இறக்கலாம். மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக ஓடும். நேர் அழுத்தம் பச்சையாகவும் எதிர் அழுத்தம் சிவப்பாகவும் தெரியும். உங்கள் மின்பிறப்பாக்கி திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் தருவதானால், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இருவாயிகள் (டையோடு) நான்கைப் பாலமாக இணைத்து, ஆடலோட்ட மூலத்தைக் கொடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு இருவாயிகள் வழியாகத்தான் புள்ளிகள் ஓடும். அடுத்த அரைச் சுற்றில் மற்ற இரண்டும் வேலையை ஏற்கும். எல்இடி உள்ள கிளையில் மட்டும் ஓட்டம் எப்போதும் ஒரே திசையில் இருக்கும். கொள்ளளவி ஒன்றைச் சேர்த்ததும் துடிப்பு அடங்குவதையும் பார்க்கலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

அச்சுச் சுற்றுப் பலகை வரைய கிகேட். 1992இல் தொடங்கி, பிற்காலத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தின் உழைப்பும் சேர்ந்து வளர்ந்த மென்பொருள் அது. பொழுதுபோக்காளருக்குத் தேவையானதை விட அதிகமாகவே செய்யும். பிரெட்போர்டில் கம்பி செருகும் படத்துக்கு ஃபிரிட்சிங் பொருத்தம். நான் முதலில் ஒதுக்கிச் சொன்னது இதைத்தான்: மூல நிரல் திறந்ததே என்றாலும், ஆயத்தப் பதிப்பை இறக்க ஒரு சிறு தொகை கேட்கிறார்கள்.

ரயில் பாதை

எக்ஸ்ட்ராக்கேட் என்ற இலவச மென்பொருளில் பாதையை வரைந்து, அதே வரைபடத்தின் மேல் ரயிலை ஓட்டியும் பார்க்கலாம். ஏற்ற இறக்கத்தையும் அது கணக்கிடும். தெமோதரையில் பாதை ஒரு வளையமாகச் சுற்றி வந்து, நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாகவே போகிறது. மாதிரியில் இதைக் கொண்டுவர எவ்வளவு இடம் வேண்டும்?

மலைப் பாதையின் உச்சச் சரிவு 44க்கு 1, அதாவது 44 மி.மீ. ஓடினால் 1 மி.மீ. ஏறும். மேசையில் 600 மி.மீ. ஆரமுள்ள வட்டம் போட்டால் சுற்றளவு ஏறத்தாழ 3770 மி.மீ. அதை 44ஆல் வகுத்தால் 85 மி.மீ. சொச்சம். ஓஓ அளவு (நிஜத்தில் 76.2இல் ஒரு பங்கு) ரயில் ஒன்று கீழே நுழைந்து போக இந்த உயரம் மட்டுமட்டாகப் போதும். மேல் தளத்தின் பலகை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆரத்தைக் குறைத்தால் சரிவைக் கூட்ட வேண்டியிருக்கும், இயந்திரம் பெட்டிகளை இழுக்கத் திணறும். ஆக, 1.2 மீட்டர் அகல மேசைக்குக் குறைவாகத் தெமோதரையை நினைக்கவேண்டாம். விளிம்புக்கு இடம் விட்டால் அதற்கும் மேல்.

தண்டவாள இடைவெளியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இலங்கையின் அகலப் பாதை 1676 மி.மீ. ஓஓ அளவுக்கு அதை 76.2ஆல் வகுத்தால் 22 மி.மீ. ஆனால் கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளம் 16.5 மி.மீ.தான். ஆயத்தத் தண்டவாளத்தை ஏற்றுக்கொண்டு வேலையை முடிப்பதே தொடங்குபவருக்கு நல்லது என்பது என் எண்ணம்.

அசைத்துக் காட்டுதல்

4 ஜிபி கணினியில் சின்ஃபிக். 8 ஜிபியும் பொறுமையும் இருந்தால் பிளெண்டர்.

சின்ஃபிக்கில் ஒவ்வொரு பாகத்தையும் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவருவதே பாதுகாப்பானது. எஸ்விஜியை நேராக இறக்கினால் சில விவரங்கள் தொலையும். இன்க்ஸ்கேப்பில் மற்ற லேயர்களை மறைத்துவிட்டு, முழுப் பக்க அளவில் ஒவ்வொன்றாக வெளியேற்றினால் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்காரும்.

பிளெண்டரில் உருட்டும் இயந்திரத்தை அசைக்கும்போது, பெட்டியைக் கிராங்கின் பிள்ளையாக இணைத்தால் பெட்டியும் சேர்ந்து சுழலும், அது பிழை. கிராங்கின் முனையில் ஒரு வெற்றுப் பொருளை இணைத்து, பெட்டிக்கு இடத்தை மட்டும் நகலெடுக்கும் கட்டுப்பாட்டைக் கொடுங்கள். பெட்டி வட்டமாக நகரும், திரும்பாது. பற்சக்கரங்களுக்கு டிரைவர் வசதி இருக்கிறது: 12 பல் சக்கரத்தின் சுழற்சியை எதிர்க்குறியோடு பாதியாக்கிக் கொடுத்தால் 24 பல் சக்கரம் தானாகச் சரியான வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும்.

எந்த மென்பொருளானாலும் பார்க்க வேண்டியவை மூன்று. சுழற்சியின் வேகமாற்றத்தை நேர்கோட்டு முறைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் இயந்திரம் தயங்கும். தொடர்ந்து சுற்றும் படத்துக்கு, வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு சுற்றுக்கு 50 ஃபிரேம் ஒதுக்கி, 360 பாகையை 51ஆவது ஃபிரேமில் வைத்து, 1 முதல் 50 வரை மட்டும் வெளியேற்றுங்கள். முதலும் கடைசியும் ஒரே படமாக இருந்தால் ஒரு சிறு நிற்றல் கண்ணை உறுத்தும். மூன்றாவது, பற்சக்கரம் ஒரு ஃபிரேமுக்கு அரைப் பல் அளவுக்கு மேல் திரும்பக் கூடாது. 24 பல் என்றால் 7.5 பாகை. அதைத் தாண்டினால் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரியும்.

அச்சும் அனுப்புதலும்

கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கும்போது வரைபடத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். தாளுக்குப் பொருத்தும் தெரிவு இயங்கியிருந்தால் படம் சுருங்கிவிடும். தாளைக் கையில் வாங்கியதும் அந்தக் கோட்டை அடிமட்டத்தால் அளந்து, சரியாக இருந்தால் மட்டும் மரத்தில் ஒட்டுங்கள். அச்சுக்குப் பிடிஎஃப், லேசர் வெட்டுக்கு டிஎக்ஸ்எஃப், முப்பரிமாண அச்சுக்கு எஸ்டிஎல் கொண்டுபோங்கள்.

கைத்தொலைபேசியில் பார்ப்பவர்களுக்கு எம்பி4. ஜிஃப் 256 நிறங்களுக்குள் அடங்க வேண்டும், கோப்பும் பெரிதாகிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மெல்லிய கோடுகள் மங்கிப்போகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். எஸ்விஜியை வாட்ஸ்அப் படமாகக் காட்டாது. ஆகவே ஒருவருக்குக் கொடுக்கும் கோப்புறையில் பிடிஎஃப், எம்பி4 இரண்டோடும் மூல எஸ்விஜியையும் சால்வ்ஸ்பேஸ் கோப்பையும் வையுங்கள். பதுளையில் இருப்பவர் அனுப்பிய உருட்டும் இயந்திரத்தில் கிராங்க் நீளத்தை 20இலிருந்து 25ஆக மாற்றிப் பார்க்க மஸ்கெலியாவில் இருப்பவருக்கு அந்த மூலக் கோப்பு வேண்டும்.